மிச்சமிருந்த கரைசல்

"பெயிலானவங்க எல்லாம் எங்க போவாங்கக்கா?" என்று தம்பி ஒருமுறை கேட்டான். அவள் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். பஸ் ஏறி வீட்டுக்குப் போவார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்த வருடக் கடைசியில் வேதியியலில் அவளே பெயிலானாள். அந்த பஸ் எவ்வளவு மெதுவாகப் போகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒரே பாடத்தில் இரண்டாவது முறையும் தோற்றால் கல்லூரியை விட்டு அனுப்பிவிடுவார்கள். அம்மா தையல் கூடத்தில் சட்டைக் காலர் தைப்பவள். அங்கே தன் பக்கத்து மிஷின் காலியாக இருப்பதாக ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அம்மா அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, அக்கறையோடுதான் சொன்னாள். அதனாலேயே அது அதிகமாக வலித்தது.

வேதியியல் ஆசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் கத்தரிக்கோல். விடை சரியாக இருந்து அலகு எழுதாவிட்டால் வெட்டு. தசமப் புள்ளிக்குப் பின்னால் ஓர் எண் குறைந்தாலும் வெட்டு. அரை மார்க் கேட்டுப் போனவன் ஒரு மார்க்கைத் தொலைத்துவிட்டுத் திரும்பியதாக ஒரு கதை உண்டு. ஆனால் கெட்ட மனிதர் இல்லை. மருந்து செய்யும் இடத்தில் இந்தத் தப்பைச் செய்தால் எங்கோ ஒரு குழந்தை சாகும் என்பார். அதில் உண்மை இருந்ததால் யாராலும் அவர்மேல் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை.

இரண்டாவது முறை செய்முறைத் தேர்வுக்கு நின்றபோது அவள் கடவுளிடம் மார்க் கேட்கவில்லை. கை நடுங்காமல் இருந்தால் போதும் என்று கேட்டுக்கொண்டாள்.

ப்யூரெட் என்ற, அடியில் திருகு வைத்த அளவுக் குழாயிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக, குடுவையில் நிறங்காட்டி கலந்த அமிலத்தில் விட வேண்டும். நிறமற்ற நீர் மிக வெளிறிய இளஞ்சிவப்பாக மாறும் சொட்டோடு நிறுத்தி, அளவைக் குறிக்க வேண்டும். இரண்டு அளவுகள் ஒத்துப்போனால்தான் மார்க். காரக் கரைசலை ஆளுக்கு ஒரு பாட்டிலில் அளந்து வைத்திருப்பார்கள். தீர்ந்தால் தீர்ந்ததுதான். அடுத்தவரிடம் கேட்டு வாங்கத் தடையில்லை, கொடுப்பவர்தான் கிடையாது.

முதல் அளவு நன்றாக வந்தது. இரண்டாவது முறை புனலை ப்யூரெட்டின் தலையிலிருந்து எடுக்க மறந்துவிட்டாள். புனலில் தங்கியிருந்த துளிகள் உள்ளே இறங்கி அளவைக் கெடுத்துவிட்டன. அந்தப் பதற்றத்தில் மூன்றாவது முறை திருகை ஒரு நொடி கூடுதலாகத் திறந்தாள். குடுவை முழுக்க அடர்ந்த ரோஜா நிறம். பாட்டிலில் அடி நனையும் அளவுக்குக்கூட மிச்சமில்லை.

பக்கத்து இடத்தில் நின்றவள் நெட்டை. வகுப்பிலேயே உயரம் என்பதால் அந்தப் பெயர். இவளுடன் அதிகம் பேசியதில்லை. அந்தக் குடுவையைப் பார்த்தாள், இவள் முகத்தைப் பார்த்தாள். கரைசல் மிச்சமிருந்த தன் பாட்டிலை இவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"எனக்கு முடிஞ்சிடுச்சு. எடுத்துக்கோ."

கை நடுங்கவில்லை. கடைசி அளவு முதல் அளவோடு ஒத்துப்போனது. நாம் வேண்டிக்கொண்டது கிடைக்கும்போது அது பெரும்பாலும் யாரோ ஒருவர் கையிலிருந்துதான் வருகிறது. அந்தக் கை எதை விட்டுக்கொடுத்தது என்று நாம் பார்ப்பதில்லை. அவளும் பார்க்கவில்லை.

முடிவு வந்தபோது அவள் விளிம்பில் தப்பியிருந்தாள். நெட்டை செய்முறையிலும் எழுத்துத் தேர்விலும் தோற்றிருந்தாள். அவளுடைய இரண்டு அளவுகள் ஒத்துப்போகவே இல்லை என்று கத்தரிக்கோல் வகுப்பில் எல்லார் முன்னாலும் சொன்னார். மூன்றாவது முறை செய்து பார்க்கக் கரைசல் இருந்தும் சோம்பேறித்தனம் என்றார். நெட்டை தலையைக் குனிந்துகொண்டாளே தவிர, கரைசலைக் கொடுத்துவிட்டதைச் சொல்லவில்லை.

அன்று மாலை இவள் அவளைப் படிக்கட்டில் பிடித்து நிறுத்தினாள்.

"முடிஞ்சிடுச்சுன்னு ஏன்டி பொய் சொன்ன?"

"உன் மூஞ்சியப் பாத்தா பொணம் மாதிரி இருந்துச்சு. பாவமா இருந்துச்சு."

"என்னாலதானே நீ..."

"ஆமா, எழுத்துத் தேர்வுல நான் வாங்கின முட்டைக்கும் நீதான் காரணம். அழாத. நீ அழுதா கத்தரிக்கோல் எனக்கு மார்க் போட்ருவாரா?"

சிரித்தாள். ஆனால் படியிறங்கிப் போகும்போது கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டே போனாள்.

அதன்பின் நெட்டைக்கு ஜூனியர்களோடு வகுப்பு. எதிரே வந்தாலும் இருவரும் தலையசைப்பதோடு சரி. நன்றி என்று சொன்னால் அது நெட்டையின் தோல்விக்கு நன்றி சொன்னதாகிவிடாதா?

அடுத்த வருடத் தேர்வுதான் நெட்டைக்குக் கடைசி வாய்ப்பு. மறுபடி எழுதுகிறவர்களுக்கு அந்த வருடத்திலிருந்து ஆய்வகத்தின் மூலை மேசைதான். அங்கிருக்கும் ப்யூரெட்டுகள் பழையவை. திருகு இறுகிக்கொள்ளும், மூடினாலும் கசியும். புகார் சொன்னால், கருவியைக் குறை சொல்லாதே என்பார் கத்தரிக்கோல்.

தேர்வு நாள் காலையில் ஆய்வக உதவியாளர் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தண்ணீர் கேன் எடுத்துவரப் போயிருந்தார். இவள் உள்ளே போனாள். தன் பெயரில் கொடுத்திருந்த புது ப்யூரெட்டை அலமாரியிலிருந்து எடுத்துக் கழுவினாள். திருகைத் திறந்து மூடிப் பார்த்தாள். மூலை மேசையில் நெட்டையின் எண் ஒட்டியிருந்த ஸ்டாண்டில் அதைப் பொருத்தினாள். அங்கே இருந்த பழையதைக் கொண்டுவந்து தன் அலமாரியில் வைத்தாள். இவளுக்கும் அடுத்த வாரம் செய்முறைத் தேர்வு இருந்தது.

ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, உதவியாளர் திரும்புவதற்குள் பின்வாசல் வழியாக வெளியேறினாள்.