மேற்குக்கும் ஒரு நிலநடுக்கம்

எங்கள் நிலநடுக்க ஆய்வு மையத்தில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. யாருக்கு எந்தப் பகுதியோ அதுவே பெயர். நான் நடு. எனக்கு இடப்பக்க மேஜையில் மேற்கு, வலப்பக்க மேஜையில் கிழக்கு. அவர்கள் இருவரும் கணவன் மனைவி. அந்த இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து வேலை பார்ப்பது என்னவென்று எனக்குத்தான் தெரியும்.

கிழக்கில் மலைத்தொடர் இருக்கிறது. பூமியின் இரண்டு தட்டுகள் அங்கே ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டிருக்கின்றன. சின்ன நடுக்கம் அநேகமாகத் தினமும் வரும். அலமாரிப் பாத்திரம் உருளுகிற அளவுக்கு வருடத்தில் சில தடவை வரும். ஊரையே புரட்டிப் போடுவது தலைமுறைக்கு ஒன்று. என் நடுப்பகுதி சுமார் ரகம், மாதத்துக்கு ஒன்றிரண்டு வந்தால் அதிகம். மேற்கு பழைய கெட்டிப் பாறை. அங்கே கடைசியாக நிலம் ஆடியபோது எங்கள் மேற்கின் தாத்தா பிறந்திருக்கவில்லை. அதற்கு முந்தியது எப்போது என்று அந்தப் பாறையைத்தான் கேட்க வேண்டும்.

இதில் யார்மீதும் குறை சொல்ல முடியாது. வேலைக்குச் சேர்ந்த அன்று பகுதியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு முதலில் கணவருக்குத்தான் கிடைத்தது. அலுங்காமல் குலுங்காமல் காலம் தள்ளலாம் என்று மேற்கை எடுத்துக்கொண்டார். மிச்சமிருந்த கிழக்கு, கூடவே சேர்ந்த பெண்ணுக்குப் போனது. பிறகு அந்தப் பெண்ணையே கல்யாணமும் செய்துகொண்டார். அதையும் யோசித்துச் செய்தாரா என்பது எனக்குத் தெரியாது.

ஒவ்வொரு நடுக்கத்துக்கும் நாங்கள் ஓர் அறிக்கை வெளியிடுவோம். அதன் அடியில் கண்டறிந்தவர் பெயரும் சரிபார்த்தவர் பெயரும் இருக்கும். கண்டறிந்தவர் என்ற இடத்தில் கிழக்கின் பெயர் வந்துகொண்டே இருந்தது. டிவிக்காரர்கள் அவரைத்தான் கூப்பிட்டார்கள். கடைத்தெருவில் அவரைத்தான் அடையாளம் கண்டுகொண்டார்கள். மாமனார் மருமகனுக்கு போன் செய்தால், எடுத்ததும் பெண்ணை டிவியில் பார்த்த கதைதான். மேற்கு வயிற்றெரிச்சலை ஒளித்து வைக்கவும் தெரியாத மனிதர். சாப்பிடும்போது மனைவியின் போன் அடித்தால், பாதிச் சாப்பாட்டில் டப்பாவை மூடிவிடுவார்.

ஒருநாள் என்னிடம் வாய்விட்டே சொன்னார்.

"மேற்குல ஒண்ணே ஒண்ணு வரணும். யாருக்கும் அடிபட வேண்டாம், ஒரு டம்ளர்கூட விழ வேண்டாம். என் பேர்ல ஒண்ணு வந்தாப் போதும்."

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பூமி யாருடைய வயிற்றெரிச்சலுக்கும் அசைந்து கொடுக்காது என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன்.

பிறகு ஒருநாள் காலையில் கிழக்கில் நன்றாகவே ஒரு குலுக்கல். ஜன்னல் கண்ணாடிகள் உடைந்தன, உயிர்ச்சேதம் இல்லை. மதியம் கிழக்கு டிவி நிலையத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். எங்கள் அறை டிவியில் அது ஓடியது. மேற்கு தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, கருவி நிலையங்களிலிருந்து திரைக்கு வந்து வருடக்கணக்காக நேராகப் போய்க்கொண்டிருந்த தன் அதிர்வுக் கோடுகளை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சாப்பிடக் கீழே போனேன்.

திரும்பி வந்தபோது அவர் முகமே வேறாக இருந்தது. டிவியில் ஏற்கெனவே சிவப்பு எழுத்து ஓடிக்கொண்டிருந்தது: மேற்குப் பகுதியில் நிலநடுக்கம், அளவு மூன்று.

தான் கண்டதைத் தானே சரிபார்க்கக் கூடாது என்பது எங்கள் மையத்தில் யாரும் மீறாத விதி. இன்னொருவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் அறிக்கை வெளியே போக வேண்டும். இரண்டு பெயர் இல்லாவிட்டால் கணினி அனுப்பாது. யார் சரிபார்த்தது என்று கேட்டேன். திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். எட்டிப் பார்த்தேன். சரிபார்த்தவர் என்ற இடத்தில் அவர் மனைவியின் பெயர் இருந்தது. அந்த அம்மாள் அந்நேரம் டிவியில் எல்லோரும் பார்க்கப் பேசிக்கொண்டிருந்தவர். அவசரத்தில் அதுகூட அவருக்குத் தோன்றவில்லை.

மேற்கில் இருப்பதெல்லாம் வெறும் செங்கல் வைத்துக் கட்டிய பழைய வீடுகள். நிலம் ஆடி அங்கே யாரும் பார்த்ததில்லை. செய்தி போனதும் தெருவுக்கு ஓடி வந்தவர்கள் உள்ளே போக மறுத்தார்கள். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கட்டிலோடு தூக்கி வெயிலில் கிடத்தினார்கள். மேற்கின் போன் ஓயாமல் அடித்தது. ஒவ்வொருவருக்கும் நிறுத்தி நிதானமாகப் பதில் சொன்னார். அவ்வளவு அழகாகப் பேசுவார் என்று எனக்கு அதுவரை தெரியாது.

கிழக்கு டிவி நிலையத்துப் பவுடரோடு வந்து சேர்ந்தார். கணவரைப் பார்த்துச் சிரித்தபடியே திரையின் முன்னால் குனிந்தார். சிரிப்பு போய்விட்டது.

"என்னங்க, எல்லா நிலையத்துலயும் கோடு முதல்ல மேலதான் போயிருக்கு."

அதற்குமேல் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாறை உடைந்து நழுவினால் ஒரு பக்கம் தள்ளும், இன்னொரு பக்கம் இழுக்கும். சில நிலையங்களில் கோடு மேலே போகும், சிலவற்றில் கீழே இறங்கும். எல்லா இடத்திலும் மேலேயே போனால் அது வெடி. சுற்றிலும் தள்ள மட்டும் தெரிந்தது வெடிதான். பயிற்சியின் முதல் வாரத்திலேயே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் இது. அந்தப் பக்கம் புதிதாகத் திறந்திருந்த கல்குவாரிக்கு போன் போட்டேன். ஆட்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்து வெடி வைத்ததாகச் சொன்னார்கள்.

அப்போதுதான் கிழக்கு தன் பெயரைப் பார்த்தார். கத்தவில்லை. மையத்தின் தலைவி மேடம் மாடியிலிருந்து இறங்கி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. கிழக்கு கணவரின் தோளருகே குனிந்து தணிந்த குரலில் சொன்னார்.

"என் பேரு இருக்குல்ல, அப்படியே இருக்கட்டும். விளம்பர இடைவேளையில போன்ல படத்தை அனுப்பினீங்க, நானும் பார்த்து ஏமாந்துட்டேன்னு சொல்லிடறேன். மேற்கு உங்ககிட்டயே இருக்கும்."

மேடம் வந்து நின்று, யார் சரிபார்த்தது என்று மட்டும் கேட்டார்.

"நான்தான் மேடம்," என்றார் கிழக்கு.

மேற்கு எழுந்தார். மேடத்தைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தார்.

"அவ பார்க்கவே இல்லை மேடம். அவ பேரை நான்தான் போட்டேன். கிழக்குல நடக்கறது எல்லாம் உன்னோடது, சரி. மேற்குல நடந்தது இந்த ஒரு தப்புதான். அதையும் நீயே எடுத்துக்கிட்டா எனக்குன்னு என்ன இருக்கு?"

மனுஷனுக்கு நேர்மை வந்துவிட்டது என்று மேடம் நினைத்திருக்கலாம். நான் நினைக்கவில்லை. கிழக்கும் நினைக்கவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. காப்பாற்ற வந்த கையைத் தட்டிவிட்டால் யாருக்குத்தான் வலிக்காது.

அன்று சாயங்காலம் மேற்கு முதன்முறையாக டிவியில் வந்தார். அது நிலநடுக்கம் இல்லை, வெடி, தவறு தன்னுடையது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். மாமனார் போன் செய்யவில்லை.

வேலையிலிருந்து எடுக்கவில்லை. உண்மையைச் சொன்னதற்காக மேடம் காட்டிய தயவு அது. ஆனால் மேற்கை அவரிடமிருந்து வாங்கி, ஆள் பற்றாக்குறை என்று கிழக்கிடமே கூடுதலாகக் கொடுத்துவிட்டார். கிழக்கு வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை. அவர் கணவருக்கு இனிச் சரிபார்க்கும் வேலை மட்டும். மனைவி கண்டறிவதை எல்லாம் அவர் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும்.

மறுநாள் கிழக்கு அந்த இடப்பக்க மேஜையில் உட்கார்ந்தார். அவர் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு கணவர் உட்கார்ந்தார். மேற்கின் கோடு வழக்கம்போல நேராகப் போய்க்கொண்டிருந்தது.

"மூணு தலைமுறையா சும்மா கிடக்குது," என்றார் கணவர். "நீ உக்காந்துட்டேல்ல, இனிமே வந்துடும் பாரு."

கிண்டல் செய்கிறார் என்று நினைத்து நான் திரும்பினேன். இல்லை. கோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல், ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வந்துவிடக் கூடாதே என்று நிஜமாகவே பயந்துகொண்டிருந்தார்.