மூன்றாவது காயிலின் மேல் வீண்பழி

1

இந்தக் கதை பொழுது போகாமல் பிறந்தது. பட்டறையில் காத்திருந்த நேரத்தில், காரில் கிடந்த பழைய டயரியை எடுத்து எழுத ஆரம்பித்தேன். முதல் வரி: "எந்திரங்களுக்கும் இதயம் உண்டு என்பதை அவள்…"

[அடித்துவிட்டேன். என் காருக்கு இருந்தவை நான்கு சிலிண்டர்கள். மேடு ஏறும்போதெல்லாம் மூன்றாவது சிலிண்டர் கையை விரித்தது. அவ்வளவுதான் விஷயம்.]

2

பட்டறையில் அவளை வயர்க்காரி என்பார்கள். முதலாளி அவளுடைய அண்ணன். எஞ்சின் அவர் பாடு, மின்சார வேலையெல்லாம் இவள் பாடு.

[முதல் பிரதியில் அண்ணனைக் கொடுமைக்காரராக எழுதியிருந்தேன். தங்கச்சி சாப்பிட்டாளா என்று காலையிலிருந்து மூன்று முறை விசாரித்த மனிதரை வைத்துக்கொண்டு வில்லன் செய்ய முடியவில்லை.]

ஆனால் என் கார் அதே உதறலோடு மூன்றாம் தடவையாக வந்து நின்றிருந்தது. பிளக்குக்குத் தீப்பொறி கொடுப்பது காயில். முதல் தடவை மூன்றாவது சிலிண்டரின் காயிலை அவள் மாற்றினாள். இரண்டாம் தடவையும் மாற்றினாள். இன்று அண்ணன் குரலை உயர்த்தாமலே சொன்னார்:

"மத்தியானத்துக்குள்ள கண்டுபிடி. இல்லேன்னா வண்டிய வேற எடத்துக்கு அனுப்பிடறேன். நீயும் பல்பு மாத்துறதோட நிறுத்திக்கோ."

பன்னிரண்டு வருஷத் தொழில் ஒரே வாக்கியத்தில் பல்புக்குச் சுருங்கிவிட்டது.  

3

மூன்றாவது காயிலைக் கழற்றி இரண்டாவது இடத்தில் மாட்டினாள். அங்கிருந்ததை இங்கே மாட்டினாள். காயில்தான் குற்றவாளி என்றால், கோளாறும் அதன் கூடவே இடம் மாறியாக வேண்டும். பட்டறை வாசலுக்கு எதிரே இருந்த மேட்டில் காரை ஏற்றிப் பார்த்தாள். கோளாறு எங்கே என்று சொல்லும் ஸ்கேனர் பழையபடி மூன்றாவது சிலிண்டரையே காட்டியது. இத்தனை நாளும் ஒரு பரம சாதுவைத் திட்டியிருக்கிறோம்.

மணி பதினொன்று. இந்த இடத்தில் "சட்டென்று அவளுக்குப் பொறி தட்டியது" என்று எழுதினேன்.

[வெட்கக்கேடு. ஒன்றும் தட்டவில்லை. மூக்கைச் சொறிந்துகொண்டு பத்து நிமிஷம் சும்மா நின்றாள்.]

பிறகு என் பக்கம் திரும்பினாள். "சார், ரிவர்ஸ்ல மேடேறிப் பாத்திருக்கீங்களா?"

புத்தியுள்ளவன் எவன் ரிவர்ஸில் மேடேறுவான்? இல்லை என்றேன். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, கழுத்தைப் பின்னால் திருப்பிக்கொண்டு ஏற்றினாள். கார் ஒரு உதறல் இல்லாமல் ஏறியது. தெருவில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். முன்னால் இழுக்கும்போது எஞ்சின் ஒரு பக்கம் சாயும், பின்னால் இழுக்கும்போது மறுபக்கம் சாயும் என்று அவள் விளக்கினாள். அப்படியானால் ஒரு பக்கம் சாயும்போது மட்டும் எதுவோ இழுபடுகிறது.

4

பானெட்டைத் திறந்து, காயிலுக்குப் போகும் வயரை விரலால் நெருடிக்கொண்டே போனாள். மேலுறை முழுசாக இருந்தது. உள்ளே கம்பி அறுந்திருந்தது. எஞ்சின் நேராக இருக்கும்வரை முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும், சாய்ந்தால் பிரிந்துவிடும்.

"கெடச்சிருச்சு," என்றாள். முகமெல்லாம் மலர்ந்து போயிற்று.

மலர்ந்த வேகத்திலேயே வாடியது. வயரை அசையவிடாமல் பிடித்திருந்தது ஒரு பிளாஸ்டிக் டேக், வயர் கட்டுகிற பட்டை. இழுத்துக் கட்டி, மிச்சத்தை ஒட்ட நறுக்கியிருந்தது. அந்தப் பட்டறையில் அப்படி நறுவிசாகக் கட்டுகிறவள் ஒருத்திதான். முதல் காயில் நிஜமாகவே கெட்டிருந்தது. அதை மாற்றிய கையோடு, பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று அவளே கட்டியது இது. பிறகு வந்த தொல்லையெல்லாம் இதன் உபயம்.

5

இங்கே இரண்டு முடிவுகள் எழுதினேன்.

ஒன்றில் அவள் டேக்கை நறுக்கிப் பைக்குள் போட்டுக்கொள்கிறாள். சாட்சி நான் ஒருவன்தான், நானோ கதை என்ற பேரில் பொய் சொல்லிப் பிழைக்கிறவன். அண்ணனின் பாராட்டு, அவளது மரியாதை, எல்லாம் பத்திரம்.

இன்னொன்றில் அவள் தயங்கித் தயங்கி…

[முடிக்கவில்லை. அதற்குள் அவள் வயரை ஒட்டுப்போட்டு, தொய்வு விட்டுக் கட்டி முடித்துவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்காமல், நறுக்கிய டேக்கை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அண்ணன் முன்னால் போய் நின்றாள்.]

"காயில்ல ஒண்ணுமில்ல. வயர் அறுந்திருக்கு. நான் இறுக்கிக் கட்டினதுலதான் அறுந்துச்சு. நானேதான் கண்டுபிடிச்சேன்."

கடைசி வாக்கியத்தில் அவள் தலை நிமிர்ந்தது. சத்தியமாக நான் நிமிர்த்தவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அண்ணன் ஏதோ பதில் சொன்னார். அந்த நேரம் பார்த்துக் கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியதால் என் காதில் விழவில்லை. இடம் விடுகிறேன், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்:

[ ………………………………… ]

என்ன வேண்டுமானாலும் எழுதலாம். அதற்கப்புறம் நடந்ததை மட்டும் மாற்றக் கூடாது. அதை நான் கண்ணால் பார்த்தேன். அண்ணன் தானாகவே போய்க் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். அவள் ஃபர்ஸ்ட் கியர் போட்டாள். கார் மூக்கு முன்னாலேயே இருக்க, ஒரு உதறல் இல்லாமல் மேடேறியது. உச்சிக்குப் போனதும் ஹார்னை அழுத்தினாள், தெருவே திரும்பிப் பார்க்கும்வரை. ரிப்பேருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.