நடுவீட்டுச் சுவர்

மாலை நாலு மணிக்கு மேல் நடுவீட்டின் மெயின் சுவிட்ச் நிற்பதில்லை. தூக்கிவிட்டால் டக்கென்று விழும். மறுநாள் வெயில் ஏறினால் சமர்த்தாக நிற்கும். எலக்ட்ரீஷியன் பக்கிரி மரக்காணத்திலிருந்து வந்து சேரவே பதினொரு மணியாகிவிடும். மூன்று முறை வந்தார். மூன்று முறையும், "லைன் கிளீனா இருக்குதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூனிமேட்டில் வரிசையாக மூன்று வீடுகளை வாடகைக்கு விட்டிருந்த சைபுன்னிசா இதைத் தொந்தரவு என்றுதான் நினைத்திருந்தாள். நேற்று சாயங்காலம் சுவிட்சைத் தூக்கிவிட்ட நேரத்தில் நடுவீட்டு நிவேதாவின் குழந்தை சுவரைப் பிடித்து எழுந்தது, வீறிட்டு விழுந்தது. சுவிட்ச் அந்த நொடியே விழுந்ததால் பிழைத்தது.

"ஒரு நாள் சுவிட்சு விழாம போனா எம்புள்ள விழும்க்கா. சரி பண்ணுங்க. இல்லன்னா போலீசுக்குப் போறேன்" என்றாள் நிவேதா. மெயினை அணைத்துவிட்டு, அவளையும் குழந்தையையும் தன் வீட்டுக்கே அழைத்துக்கொண்டாள் சைபுன்னிசா.

காலை ஆறு மணிக்குப் போய் அந்தச் சுவரைப் பார்த்தாள். தோள் உயரம் வரை ஈரம், அதற்கு மேல் காய்ந்த சுவர். குழாய்க் கசிவு இப்படிக் கோடு போட்டு நிற்காது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். இந்தக் கரையில் எந்தச் சுவரும் லேசாகக் கரிக்கும். அதனால்தான் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் இது உப்பளப் பாத்தித் தண்ணீராகவே கரித்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் மூன்றாவது வீடு. உப்பு வியாபாரி சடையப்பன் குடும்பத்தோடு இருக்கப்போவதாகச் சொல்லி எடுத்தது. குடும்பம் வரவில்லை. இரண்டு மாதமாக அவருடைய பூட்டுதான் தொங்குகிறது.

கொழுந்தன் உபைத் கடப்பாரையோடு வந்தான். "உடைச்சுப் பாத்துடலாம் அண்ணி. நம்ம வீடுதான."

"வீடு நம்மது. அக்ரிமெண்டு இருக்கற வரைக்கும் உள்ள அவரு இடம். உடைச்சா, பீரோவுல நகை இருந்துச்சுன்னு நாளைக்குச் சொல்லுவாரு. அப்புறம் நீயும் நானும் ஸ்டேஷன்ல உக்காரணும்."

சட்டப்படி, ரிப்பேருக்காக வீட்டுக்காரர் உள்ளே போகலாம். ஆனால் ஒரு நாள் முன்னதாக, காரணமும் நேரமும் எழுதித் தெரிவிக்க வேண்டும். போனில் அனுப்பினாலும் செல்லும். அவள் டைப் செய்தாள்: 'உங்கள் வீட்டுச் சுவர் வழியாக கரண்ட் கசிகிறது. குழந்தைக்கு ஷாக் அடித்தது. நாளை மாலை ஐந்து மணிக்குச் சுவரைப் பார்க்க வருகிறோம். வந்து திறந்துவிடவும்.'

நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

மறுநாள் ஐந்து மணி. சைபுன்னிசா, உபைத், பக்கிரி, குழந்தையோடு நிவேதா எல்லோரும் மூன்றாவது வீட்டு வாசலில் நின்றார்கள். கடல்காற்று பிசுபிசுவென்று வீசியது. ஐந்து பத்து. உபைத்தின் கை கடப்பாரையை நோக்கிப் போனது. "தொடாத" என்றாள். ஐந்தேகாலுக்கு பைக் சத்தம் கேட்டது.

"ஒரு பூட்டுக்கு நாலு பேரு காவலா?" என்று இறங்கினார் சடையப்பன். "உப்புலயே பொறந்தவன் நான். எனக்கு அடிக்காத ஷாக்கா?"

முதல் தடவையாக இந்த நேரத்தில் வந்திருந்த பக்கிரி எல்லோரையும் நடுவீட்டுக்குள் கூட்டிப்போய்ச் சுவிட்சைத் தூக்கினார். டக். "அப்ப மெயின நான் புடிச்சுக்கறேன், நீங்க சுவத்துல கை வைங்கண்ணே" என்றார்.

சடையப்பன் சுவரையும் குழந்தையையும் பார்த்தார். பிறகு சாவியை எடுத்தார்.

உள்ளே, நடுவீட்டுச் சுவரோடு ஒட்டி, தோள் உயரத்துக்கு உப்பு மூட்டைகள்.

உப்பு ஈரக் காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக் கசியும். அந்தக் கசிவைச் சுவர் குடித்திருந்தது. உள்ளே புதைத்த வயரில் ஒரு பழைய ஜாயிண்டின் டேப் பிரிந்திருக்க, உப்புத் தண்ணீர் கரண்டுக்கு வழி விட்டது. நடுப்பகல் வெயிலில் எல்லாம் காய்ந்துவிடும், அந்த வழியும் அடைபடும். பக்கிரி வந்ததெல்லாம் அந்த நேரத்தில்தான்.

"குடியிருக்கன்னுதான கையெழுத்துப் போட்டீங்க?" என்று சைபுன்னிசா கேட்டதும் அவர் மினி லாரிக்குப் போன் போட்டார்.

மூட்டைகள் அன்றே போயின. ஆனால் சுவரில் ஊறிய உப்பு அவற்றோடு போகாது. அதனால் பக்கிரி அந்தச் சுவரின் வயரை இரு முனையிலும் துண்டித்து உருவினார். எதிர்ச்சுவரில், வெளியே தெரியும்படி பைப் அடித்துப் புது வயர் இழுத்தார். மறுநாள் மாலை ஆறு மணிக்குச் சுவிட்சைத் தூக்கினார்கள். நின்றது.