இருபத்தெட்டு கிராம்

எங்கள் ஊரில் காட்டுப்பன்றிக்குக் காவல் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் என்னையும் சேர்த்து நாலு பேர். நாலு பேருக்கும் ஈயக் குண்டு ஊற்றித் தருவது நான்தான். அர்த்தனாரி ஊற்றிய குண்டு என்றால் பேச்சே இல்லை என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்குத் தலைக்கனம் ஏறியது.

ஊற்றுவது பெரிய வித்தை இல்லை, பொறுக்குவதுதான் வித்தை. உள்ளே காற்றுக் குமிழி இருக்கிற குண்டு நேராகப் போகாது. அதனால் ஒவ்வொன்றையும் மிளகு நிறுக்கும் சின்னத் தராசில் வைப்பேன். பதினாறு கிராம் காட்டினால் எடுத்துக்கொள்வேன், குறைந்தால் மறுபடியும் உருக்கிவிடுவேன். இருபது வருசமாக நிறுத்து நிறுத்து, இப்போது கையில் வாங்கினாலே எனக்கு எடை தெரியும்.

உருண்டைக் குண்டுதான் போட வேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. அது சொந்த வரப்பைத் தாண்டி அதிக தூரம் போகாது. எனக்கு அது போதவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் பழைய கருமருந்துத் துப்பாக்கியில் அரை மைல் தூரத்துக் குறியை அடிப்பதைப் போனில் பார்த்துவிட்டு, சேலத்தில் ஒரு லேத் பட்டறையில் நீளக் குண்டுக்கு ரகசியமாக அச்சு செய்து வாங்கி வந்தேன். ஒரு குண்டு இருபத்தெட்டு கிராம். மருந்தைக் கூட்டினேன், குறைத்தேன், குண்டுக்கு மெழுகு தடவிப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு இந்த விளையாட்டு.

ஐப்பசியில் ஒரு காலை, பனி விலகியதும், பள்ளத்துக்கு அந்தப் பக்கம் மேட்டில் இருந்த வெள்ளைப் பாறையைக் குறிவைத்துச் சுட்டேன். பன்றியும் இல்லை, ஒன்றும் இல்லை. எட்டுமா என்று பார்க்கத்தான். பாறையில் தூசி கிளம்பவில்லை. குண்டு மேட்டைத் தாண்டிப் போய்விட்டது. மேட்டுக்குப் பின்னால் கண்ணாயி அக்கா தன் கறவை மாட்டைக் கட்டியிருந்தார்.

குண்டு பட்டு மாடு செத்துப்போன சேதி வந்ததும் நீளக் குண்டு அச்சை எடுத்து ஒளித்துவைத்தேன். அதே காலையில், அதே மேட்டின் அடியில், என் மனைவியின் தம்பி செல்வமும் மரவள்ளிக் காட்டில் பன்றியை விரட்டச் சுட்டிருந்தான். ஊர் அவனைத்தான் பார்த்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

பெரியசாமி கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். மாட்டின் உடம்பிலிருந்து எடுத்த ஈயம் எலும்பில் பட்டு நசுங்கி, உருவமே இல்லாமல் கிடந்தது. ஊர்க்கவுண்டர் சின்னுசாமி அதை என் உள்ளங்கையில் வைத்தார்.

"நீதான் பார்த்துச் சொல்லோணும் அர்த்தனாரி. யாரு குண்டு இது?"

கையில் விழுந்த கணமே தெரிந்துவிட்டது. திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல் நடித்தேன்.

"உருண்டைதானுங்க," என்றேன். "செல்வத்துக்கு ஊத்தினது மாதிரித்தான் தெரியுது."

செல்வம் என்னை நிமிர்ந்து பார்த்தான். "நான் கீழ பார்த்துத்தானுங்க சுட்டேன்," என்றான். பிறகு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "மாமா சொன்னாச் சரியாத்தான் இருக்குமுங்க," என்றான்.

ஊர் வழக்கப்படி அவன் துப்பாக்கியைக் கோயில் மரத்தில் கட்டினார்கள். ஒரு போகம் முடியும்வரை தொடக் கூடாது. அவன் கிடேரி கண்ணாயி அக்கா வீட்டுக்குப் போனது. கொன்ற ஈயம் கொன்றவன் வீட்டில் இருக்க வேண்டும் என்பதால் அதையும் அவனிடமே கொடுத்தார்கள். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. இறங்கவில்லை என்று சொல்லிக்கொள்ளவும் வெட்கமாக இருந்தது.

துப்பாக்கிச் சத்தம் நின்றதும் பன்றிகள் அவன் காட்டுக்குள் தாராளமாக இறங்கின. அவனும் அவன் மனைவி சங்கீதாவும் தகரத்தைத் தட்டி ஓய்ந்தார்கள். பதினைந்தே நாளில் பாதி மரவள்ளி போய்விட்டது.

ஒரு காலை செல்வம் என் வீட்டுக்கு ஒரு டப்பாவோடு வந்தான். மிச்சமிருந்த குண்டுகளும் அந்த நசுங்கிய ஈயமும் அதில் இருந்தன.

"எடை போட்டுப் பாருங்க மாமா. எதுல தப்புன்னு தெரிஞ்சாத் தேவலை. இன்னொருத்தனுக்கு இப்படி ஆயிரக் கூடாதுங்க."

வேண்டாம் மாப்பிள்ளை என்று சொல்லிப் பார்த்தேன். அவனே தராசை இழுத்து ஒவ்வொன்றாக வைத்தான். பதினாறு. பதினாறு. பதினாறு. கடைசியில் அந்த ஈயத்தை வைத்தான். இருபத்தெட்டு.

தராசு கெட்டுவிட்டதோ என்று எடுத்து மறுபடியும் வைத்தான். பிறகு தராசை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தான். நான் குனிந்துகொண்டேன். அவன் கையை ஓங்கியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவனோ தன் குண்டுகளை மட்டும் டப்பாவில் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்தான். உள்ளே என் மனைவி பொன்னாயி காப்பி ஆற்றும் சத்தம் கேட்டது.

"அக்காளுக்குத் தெரிய வேண்டாமுங்க மாமா," என்று மெல்லச் சொன்னான். "தாங்காது."

காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டான். என்னை விடப் பதினாலு வயது சின்னவன். நான் செய்த அசிங்கத்தை மூடிவைக்க இடம் தேடுகிறான்.

பொன்னாயியிடம் நானே சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அச்சையும் துப்பாக்கியையும் அந்த ஈயத்தையும் எடுத்துக்கொண்டு ஊர்க்கவுண்டரிடம் போனேன். மறுபடியும் கூட்டம் கூடியது. எல்லாவற்றையும் சொன்னேன். செல்வத்தின் துப்பாக்கியை அவிழ்த்து என்னுடையதைக் கட்டினார்கள். அவன் கிடேரிக்குப் பதிலாக என் பசு போகும் என்று முடிவானது. இதெல்லாம் பெரிதாக வலிக்கவில்லை.

கூட்டம் கலையும்போது கண்ணாயி அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அன்னிக்குக் கையில வாங்கினப்பவே தெரிஞ்சுதா சாமி?"

மாட்டைப் பற்றிக் கேட்பார் என்றுதான் நினைத்திருந்தேன். அதற்குப் பதில் வைத்திருந்தேன்.

"தெரிஞ்சுதுங்கக்கா," என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, செல்வம் கிடேரியை ஓட்டிக்கொண்டு போகக் கயிற்றை அவிழ்த்துவிடப் போனார்.