விட்டுக்கொடுக்காத தேவயானி

வீட்டுக்குள் என்றால் தேவயானி புருஷனை வறுத்தெடுத்துவிடுவாள். வாசல் தாண்டிவிட்டால் ஒரு வார்த்தை விட்டுக்கொடுக்க மாட்டாள். அதுவும் தாமோதரன் மாதிரி ஆளையா விட்டுக்கொடுப்பாள்? காலங்காலமாகக் கூலிக்குப் போன குடும்பத்தில் சொந்தமாக மினி லாரி வாங்கிய முதல் ஆள் அவன். மாங்காய் சீசனில் தன் ஊரான குடுபல்லியின் கூலிப் பெண்களைக் காலையில் தோப்பில் இறக்கிவிட்டு, சாயந்திரம் லோடோடு சித்தூர் ஜூஸ் ஃபேக்டரிக்குக் கிளம்புவான். அவன் ஹாரன் சத்தத்தைக் கேட்டாலே இவளுக்குத் தோள் நிமிரும்.

அந்த மனுஷன்தான் பைக்கில் போகும்போது ஜல்லியில் சறுக்கி விழுந்தான். மண்டையில் பலத்த அடி. பிழைத்தான், நடந்தான், பேசினான். கண்ணிலும் கோளாறு இல்லை. ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை மறந்துவிட்டது. தட்டில் வலது பாதிச் சோற்றை மட்டும் தின்றுவிட்டு, "இன்னாமே, இவ்ளோதானா?" என்பான். அவள் தட்டைத் திருப்பி வைத்தால், "இப்பத்தான போட்ட?" என்பான். இடது தோளைக் கதவில் இடித்துக்கொண்டு கதவைத் திட்டுவான். தனக்கு ஒரு குறை என்று மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டான்.

"அது அடம் இல்லம்மா" என்று திருப்பதி மறுவாழ்வு மையத்தில் பயிற்சி கொடுக்கும் பவ்யா மேடம் முதல் நாளே சொல்லியிருந்தாள். "அதுவும் அடிபட்டதால வந்ததுதான். தெரியலன்றதே அவருக்குத் தெரியாது."

பயிற்சி மாதக்கணக்கில் நடந்தது. அதற்குள் மாங்காய் சீசன் வந்துவிட்டது. கொழுந்தன் தமிழரசு போன் மேல் போன் போட்டான். "அண்ணன் வண்டி எடுக்கலாமான்னு கேட்டுகினு வா அண்ணி."

அன்றைக்கு பவ்யா அவளைத் தனியாக உட்கார வைத்தாள். "தன்னைப் பத்தி அவருக்கு எவ்வளவு தெரியுதுன்னு பார்க்கணும். ஒரே கேள்விய உங்களையும் கேப்பேன், அவரையும் கேப்பேன். இங்க நான் பக்கத்துல நின்னா ஒழுங்கா பண்றாரு. வீட்ல எப்படின்னு நீங்கதான் சொல்லணும். ரெண்டு பேரும் முடியும்னே சொன்னா வண்டி ஓட்டிப் பார்க்க அனுப்பலாம், சரியா?"

தேவயானி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தட்டுல போட்டத முழுசா சாப்பிடறாரா?"

"ஒரு பருக்க உடாம துன்றாரு."

"இடிச்சுக்காம நடக்கறாரா?"

"நல்லா நடக்கறாரு."

"தனியா ரோடு தாண்டுவாரா?"

போன வாரம் இடது பக்கம் வந்த பஸ்ஸில் மாட்டாமல் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தது இவள்தான். "தாண்டுவாரு" என்றாள்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். கட்டினவனைப் பற்றி யாரோ ஒருத்தியிடம் குறை சொல்ல வாய் வரவில்லை, சரி. நாளைக்கு அந்த வண்டியில் ஏறப்போகிற பெண்களுக்கு யார் பதில் சொல்வது? உள்ளே தாமோதரனைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் என்ன சொல்வான்? எல்லாம் முடியும் என்பான். இவளும் அதையேதான் சொல்லித் தொலைத்திருக்கிறாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எழுந்தபோது பவ்யாவே கதவைத் திறந்து கூப்பிட்டாள்.

"வழக்கமா அடிபட்டவங்க முடியும்பாங்க, வீட்டுக்காரங்க முடியாதும்பாங்க" என்றாள் பவ்யா. "உங்க ரெண்டு பேருக்கும் தலைகீழா இருக்கு."

தேவயானிக்குப் புரியவில்லை. தாமோதரன்தான் பேசினான்.

"அவ என்னை உட்டுக்குடுக்க மாட்டா மேடம், அதான் அப்பிடி சொல்லிகீறா. பாதிச் சோறு தட்டுலயே நின்னுடுது. இவ வேணும்னே கொறச்சுப் போடறான்னு நெனச்சுகினு இருந்தேன். அன்னிக்கு அந்த பஸ்ஸு எனக்குக் கண்ணுல படவே இல்ல. இழுத்துட்டு இவ நடுங்கினா பாருங்க, அது நடிப்பு இல்ல. எனக்குத்தான் அந்தப் பக்கம் இல்லன்னு அப்பத்தான் புரிஞ்சுது. பொம்பளைங்கள ஏத்திகினு நான் வண்டி ஓட்டக் கூடாது."

தேவயானிக்கு முகம் சுட்டது. வெட்கம் ஒரு நொடிதான். அதற்குப் பிறகு நெஞ்சு கொள்ளாத பெருமை. லாரி வாங்கிய அன்றைக்குக்கூட இவனை நினைத்து அவளுக்கு இப்படிப் பூரித்ததில்லை.

"நான் சொன்னது அத்தினியும் பொய் மேடம்" என்றாள். "முதல்லேர்ந்து கேளுங்க."

அவன் பக்கத்தில் இருக்கும்போதே ஒவ்வொன்றுக்கும் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவன் தலையாட்டிக்கொண்டே கேட்டான், ஓரிடத்தில் அவள் குறைத்துச் சொன்னதைத் திருத்தவும் செய்தான். பவ்யா சிரித்துவிட்டாள். "இதுக்குத்தான் இத்தனை மாசம் பாடுபட்டோம். இல்லாததத் தெரிஞ்சுகிட்டாரு, இனிமே தானா அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பாரு."

வராந்தாவுக்கு வந்ததும் போன் அடித்தது. தமிழரசு.

"அண்ணி, அண்ணன் பாஸா?"

"பாஸு."

"அப்ப எப்ப வண்டி எடுக்குது?"

"எடுக்க மாட்டாராம். வேற டிரைவரப் பாரு."

"பாஸுன்ற, எடுக்க மாட்டாருன்ற. எந்த டாக்டர் வேணான்னது?"

"எந்த டாக்டரும் சொல்லல. தன்னால இப்போ முடியாதுன்னு உங்க அண்ணனே கண்டுபுடிச்சி சொன்னாரு" என்றாள் தேவயானி, பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி.