வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தவள்

தேர்வாய் கண்டிகையில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் ஜோஷ்வா லைன் சூப்பர்வைசர். பாதிரியார் ஆகப் படிக்கப் போய் இரண்டே வருஷத்தில் திரும்பி வந்தவர். அங்கே படித்த லத்தீனில் ஏழெட்டு வார்த்தைகள்தான் மிச்சம். அதில் ஒன்றைத் தன் லைனில் வேலை செய்யும் நர்மதாவுக்குப் பட்டப்பெயராகக் கொடுத்துவிட்டார்: "அலூசினாத்தோர்!"

புதுவாயலில் கம்பெனி பஸ் ஏறி வருகிறவள் நர்மதா. கை ஓயாமல் பெட்டி அடுக்கும். கண் எங்கேயோ நிற்கும்.

"அப்டின்னா இன்னா சார்?"

"வெட்டியா கனவு கண்டுகினு இருக்கிற ஆளு."

கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தார். "நல்லாத்தான் கீது. இன்னொரு வாட்டி சொல்லுங்க," என்றாள்.

தை பிறந்ததும் ஒரு பேஜாரு ஆரம்பித்தது. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு, பெட்டிகள் நகரும் பெல்ட் நின்று நின்று ஓடும். கால் மணி நேரத்தில் தானே சரியாகிவிடும். மோட்டாரை மாற்றினார்கள். வயரை மாற்றினார்கள். சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர் பரணிதரனுக்கும் பிடிபடவில்லை. மேனேஜரிடம் திட்டு வாங்கி வந்த ஜோஷ்வா, வாய் பிளந்து நின்ற நர்மதா மேல் எரிந்து விழுந்தார்.

"லைனே நின்னு கெடக்குது, நீ இன்னாத்த பாத்துக்கினு கீற?"

"வெயில சார்." மேற்குச் சுவரில் தகரம் விலகிய இடத்தைக் காட்டினாள். "மார்கழில அந்தத் தூண் மேல விழுந்துச்சு. நகந்து நகந்து இப்போ இந்தக் கண்ணு மேல விழுது. நேத்து மேகம் மறைச்சப்ப பெல்ட் ஓடுச்சு."

பெட்டி வருவதைப் பார்க்கும் சென்சாரைத்தான் கண் என்றாள்.

பரணிதரன் சிரித்தார். ஜோஷ்வா ஓர் அட்டையைக் கிழித்து வெயிலுக்குக் குறுக்கே பிடித்தார். பெல்ட் ஓடியது. எடுத்தார், நின்றது. மறுபடி பிடித்தார், ஓடியது.

மறுநாள் மீட்டிங்கில், கோளாறைக் கண்டுபிடித்ததாக மேனேஜர் பரணிதரனைப் பாராட்டினார். மீட்டிங்கில் ஒருநாளும் வாய் திறக்காத ஜோஷ்வா எழுந்தார்.

"கண்டுபிடிச்சது நர்மதா சார். ரெண்டு மாசமா வெயில் போற வழியப் பாத்துக்கினு இருந்துச்சு. நான் அத சோம்பேறின்னு நெனச்சேன்."

மேனேஜர் அவளைக் கூப்பிட்டு என்ன வேண்டும் என்று கேட்டார்.

"அந்தக் கண்ணு எப்டி பாக்குதுன்னு யாராச்சும் சொல்லிக் குடுப்பீங்களா?"

மதியம் கேன்டீன் மேஜையில் பரணிதரன் ஒரு பழைய சென்சாரைப் பிரித்து வைத்தார். அவளுடைய மூன்றாவது கேள்விக்கே லேப்டாப்பைத் திறக்க வேண்டியதாயிற்று. சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தது. ஜோஷ்வா அவளைக் கூப்பிடவில்லை. அவள் இடத்தில் தானே போய் நின்று பெட்டி அடுக்க ஆரம்பித்தார்.