கொள்ளுத்தாத்தாவின் துப்பாக்கி

கென்டக்கியில் எங்கள் ஊர்த் துப்பாக்கிச் சந்தையில் எனக்கு அடுத்த மேசை வெர்லின் ஸ்காக்ஸுடையது. அவனிடம் இருந்த கருமருந்துத் துப்பாக்கி, பழைய மாதிரியைப் பார்த்து இத்தாலிக்காரர்கள் செய்த நகல். அதை ஒரிஜினல் என்று தள்ளிவிடுவதற்காகப் போன வாரம் என் அரத்தை இரவல் வாங்கிப்போய், குழாயில் இருந்த இத்தாலி முத்திரையைச் சுத்தமாக ராவிவிட்டான்.

காலையிலேயே லொரேட்டா என்ற பெண்மணி பூதக்கண்ணாடியோடு வந்து நின்றாள்.

“எங்க கொள்ளுத்தாத்தா உள்நாட்டுப் போருக்குத் தூக்கிட்டுப் போனதும்மா,” என்றான் வெர்லின், கொஞ்சமும் கூசாமல்.

அவள் குழாயை வெளிச்சத்தில் திருப்பினாள். “இங்க ஒரு முத்திரை இருந்திருக்கே.”

“போர்ல தேஞ்சிருக்கும்.”

“கட்டைவிரல் அகலத்துக்கு மட்டுமா?”

வெர்லின் என்னைப் பார்த்தான். நான் மும்முரமாக ஈயக் குண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

“நான் நகல் துப்பாக்கி மட்டும்தான் சேக்குறேன்,” என்றாள் அவள். “இந்தப் பித்தளை வளையத்தப் பாத்ததும், இத்தாலியில முதல் வருஷம் செஞ்சதுன்னு நெனச்சேன். பதினாலு வருஷமா தேடுறேன். முத்திரை மட்டும் இருந்திருந்தா மூவாயிரம் டாலர் இங்கயே கொடுத்திருப்பேன்.”

வெர்லின் மேசைமேல் எக்கி அவள் பக்கம் சாய்ந்தான். “அம்மா, நெசமாவே இது நகல்தான். சத்தியமா.”

“சேச்சே. கொள்ளுத்தாத்தா சாமானப் போய் யாராவது விப்பாங்களா? பத்திரமா வச்சுக்குங்க.”

அவள் போனதும் வெர்லின் பைக்குள் கையை விட்டு என் அரத்தை எடுத்து என் மேசையில் வைத்தான்.